டப்பிங் என்றால் திரித்தேற்றுதல்

தூண்டில்பூச்சி கட்டும் பாடங்கள் இப்போது தமிழ் வசன வரிகளோடு நிறையக் கிடைக்கின்றன. பார்க்க உட்கார்ந்தால், ‘டப்பிங்’ என்று வரும் இடத்தில் ‘கம்பளியை நூலில் ஒலிச்சேர்க்கை செய்யவும்’ என்று வருகிறது. இன்னொன்றில் ‘மொழிமாற்றம்’. சரி, இயந்திரம் செய்த வேலை என்று சில காலம் விட்டுவிட்டேன். ஆனால் மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய கட்டுரைகளிலும் அதே சொல் வரும்போது பொறுக்க முடியவில்லை. திருத்த வந்தவர்கள் கொண்டுவந்த ‘கம்பளிப் பூச்சு’ அதைவிடப் பெரிய தொல்லை.

முதலில் பொருள். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, மயிர் கொண்டு கட்டும் போலிப் பூச்சிதான் தூண்டில்பூச்சி. அதன் உடலை உண்டாக்க, மெழுகு தடவிய நூலின் மேல் ஆட்டுமயிரையோ முயல்மயிரையோ சிறிது பிய்த்து வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரே பக்கமாகத் திருகுவார்கள். முன்னும் பின்னும் உருட்டினால் பிரிந்துவிடும். நூலைச் சுற்றி மயிர் மெல்லிய திரியாக ஏறியதும் அதை முள்ளின் தண்டில் சுற்றுவார்கள். இந்தச் செயலுக்கும் அந்த மயிருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: டப்பிங்.

சினிமா டப்பிங்குக்கும் இதற்கும் உறவே இல்லை. சினிமாச் சொல் ‘டபுள்’ என்பதன் சுருக்கம். பேசும்படம் வந்த பிறகு பிறந்தது. தூண்டில்காரர்களின் சொல் பழைய பிரெஞ்சில் வீரனுக்குக் கவசமும் ஆயுதமும் பூட்டி அணிசெய்வதைக் குறித்த சொல்லின் வழியில் வந்தது. முள்ளுக்கு உடை உடுத்துவது என்று வைத்துக்கொள்ளலாம். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் கலைப் புத்தகத்திலேயே இந்த வினை இருக்கிறது. டிரவுட், கிரேலிங் மீன்களுக்கான பன்னிரண்டு பூச்சிகளை அந்தப் புத்தகம் மாதவாரியாகச் சொல்கிறது. பன்னிரண்டுக்கும் உடல் கம்பளிதான். கறுப்பு, மஞ்சள், பச்சை, மங்கல் பழுப்பு என்று நிறம் மட்டும் மாறும். சிலவற்றின் மேல் மயில்தோகை இழையும் சுற்றியிருக்கும்.

கம்பளிக்கும் முள்ளுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானியர் ஏலியன், மக்கெதோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடிய ஆஸ்திரேயஸ் ஆற்று மீனவர்களைப் பற்றிச் சொல்கிறார். அங்கே மீன்கள் விரும்பித் தின்னும் பூச்சியைக் கையால் பிடித்தால் நிறம் போய்ச் சிறகு வாடிவிடும். அதனால் அவர்கள் முள்ளைச் சுற்றிச் செந்நிறக் கம்பளியைக் கட்டி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் இறகு இரண்டை வைத்துப் பூட்டினார்கள்.

இனி ‘பூச்சு’. நூலின் மேல் கம்பளி படிவதால் பூச்சு என்பது சரிதானே என்று வாதிடுகிறார்கள். தமிழில் எதைப் பூசுகிறோம்? சுண்ணாம்பு, சாணம், சந்தனம், மஞ்சள், திருநீறு. ஒன்று குழம்பாக இருக்க வேண்டும், இல்லை பொடியாக இருக்க வேண்டும். மயிரை யாரும் பூசியதில்லை. பூசியது பரப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும். டப்பிங்கிலோ திருகுதான் பிடிமானம். மெழுகு தற்காலிகமாகப் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவே. ‘பூச்சு’ என்று படித்துவிட்டு உட்காரும் புதியவர் பசையைத் தேடுவார். பசையில் தோய்ந்த கம்பளி இறுகிக் கட்டையாகிவிடும். கம்பளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் இழைகள் நீரில் தளர்ந்து அசைவதுதான். கட்டி முடித்த பிறகு ஊசியால் சில இழைகளை வெளியே இழுத்துவிட்டுப் பூச்சியின் காலாக்குகிறார்கள். பூசிய பொருளில் அதைச் செய்ய முடியுமா? இதற்கு மேல், ‘பூச்சிக்குப் பூச்சு’ என்று வாக்கியம் எழுதிப் பாருங்கள், அச்சுப்பிழை போலவே இருக்கும்.

செய்கையைச் சொல்லும் வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: திரி. பஞ்சைத் திரித்து விளக்குக்குப் போடுகிற கைக்கு இந்த வேலையில் புதிதாகக் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘செய்தியைத் திரிப்பது’ நினைவுக்கு வராதா என்று ஒருவர் கேட்டார். கயிறு திரிப்பவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்களா என்ன? ஆனாலும் வெறும் ‘திரித்தல்’ போதாது. இங்கே நூல் முன்பே இருக்கிறது, அதன் மேல்தான் மயிர் ஏறுகிறது. அதனால் செயலுக்குத் திரித்தேற்றுதல், பொருளுக்குத் திரிப்பஞ்சு. பஞ்சு என்றால் பருத்தி மட்டும்தான் என்பவர்கள் இலவம்பஞ்சை, எருக்கம்பஞ்சை, கண்ணாடிப் பஞ்சை என்ன செய்வார்கள்?

அப்புறம், திரிக்கும் கம்பளியை ‘உல்லன் நூல்’ என்று எழுதுவது. இந்தப் பிழை பணத்தையும் வீணாக்கும். நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். இயற்கைக் கம்பளியின் இழையில் நுண்ணிய செதில்களும் சுருளும் உண்டு. ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் சிறிதளவு மயிரே நூலில் நிற்கிறது. கழுவாத மயிரில் இருக்கும் ஆட்டுக்கொழுப்பு நீரைத் தள்ளும். கழுவியதோ நீரைக் குடித்து மூழ்கும், அடியாழத்து மீனுக்கு அது நல்லது. ஷெட்லாந்து ஆட்டில் வெள்ளை, பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று சாயமே இல்லாமல் கலந்துகொள்ள நிறங்கள் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் ஊர்த் தூண்டில்பூச்சி கட்டுபவர் ஆஸ்டின் 1900 வாக்கில் கட்டிய பூச்சியின் உடலுக்குச் செம்மறிக் கிடாவின் விதைப்பைமேல் வளரும் மயிரைக் கலந்தார். பக்குவம் பல ஆண்டு ரகசியமாகவே இருந்தது. அதே நாட்டின் ஏவன் ஆற்றுக் காவலர் பிராங்க் சாயர், சாட்விக் 477 என்ற, கிழிசல் தைக்கும் கம்பளி நூல் ஒன்றைக் கொண்டு கிரேலிங் மீனுக்குப் பூச்சி கட்டினார். அது நனைந்ததும் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும். உற்பத்தி நின்ற பிறகு அந்த நூல் சுற்றிய மிச்ச அட்டைகளைத் தூண்டில்காரர்கள் அதிக விலை கொடுத்துத் தேடி வாங்கினார்கள். அந்த அளவுக்கு இழையின் வகை முக்கியமான தொழிலில் எல்லாவற்றையும் ‘உல்லன்’ என்று எழுதுவது பொறுப்பில்லாத வேலை.

‘கம்பளி’ வடமொழிக் கம்பளத்தின் வழி வந்தது. அது எனக்குக் குறையில்லை. ஆனால் கம்பளி என்றதும் போர்வைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கத்தரித்த மயிரைக் குறிக்க ஆட்டுமயிரே தெளிவு. மயிர் என்று எழுதக் கூச்சப்படுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையின் துணிக்கடைத் தெருவான அறுவை வீதியைச் சொல்லும்போது ‘நூலினும் மயிரினும் நுழைநூல் பட்டினும்’ என்று இளங்கோ எழுதியிருக்கிறார். தொழில்நுட்பக் கட்டுரையில் நமக்கு ஏன் கூச்சம்?

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை கையில் மயிரும் நூலும் எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பிழை வராது. அகராதியில் டப்பிங்குக்கு எதிரே கிடக்கும் முதல் சொல்லை எடுத்து வைப்பதால்தான் இவ்வளவும். ‘திரித்தேற்றுதல்’ நீளம் என்று குறை சொல்பவர்கள் அதிலிருந்து பிறக்கும் மற்றச் சொற்களையும் பார்க்கட்டும். நூலை மடித்து நடுவே மயிரை வைத்து முறுக்குகிறார்களே, அந்த ‘லூப்’ திரிகண்ணி. நூலில் தடவும் மெழுகு திரிமெழுகு. இரண்டு நிற மயிரைப் பிசிறிக் கலந்தால் கலவைத் திரிப்பஞ்சு. ‘பூச்சு’ வைத்து இந்த மூன்றையும் எழுதிக் காட்டட்டும்.