பாகத்தை எண்ணாமல் எழுதும் விடுதலைப் பத்திரம்

"அப்பா வீடு தம்பி பேருக்கே இருக்கட்டும், நாங்க எழுதிக் கொடுத்துடுறோம்" என்று அக்காமார் சொன்னதும் எல்லாம் முடிந்ததாகக் கடலூர்ப் பக்கம் பல குடும்பங்களில் நினைப்பு. பங்குதாரர் தன் பாகத்தை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவதே விடுதலைப் பத்திரம்; அதில் எழுதிக் கொடுப்பவரின் பாகம் மட்டுமே கைமாறும். ஆகவே முதலில் பாகங்களை எண்ணுங்கள்.

எண்ணிக்கையில் விட்டுப்போவது பெரும்பாலும் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பாகம். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பாகம் உண்டு. மனைவி, இரு மகள்கள், ஒரு மகன், தாய் என்றால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அம்மாவும் அக்காமாரும் விடுதலை கொடுத்தாலும் மகனுக்குச் சேர்வது ஐந்தில் நான்குதான். பாட்டியும் உயில் இல்லாமல் காலமானால், மீதிப் பாகத்தில் அத்தை, சித்தப்பாவும் பங்காளிகள். வங்கி வக்கீல் கடனை நிறுத்தும்போதுதான் இது தெரியவரும்.

அப்பா உயிரோடு இருக்கையில் அவருடைய சொந்தச் சொத்துக்கு மகளிடம் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று முத்திரைத்தாளில் வாங்கி வைப்பதும் வீண். அன்று அவளுக்குப் பாகமே இல்லை, எதை விடுவிப்பது? மைனர் பாகத்துக்கோ தாய் கையெழுத்துப் போதாது. நீதிமன்ற அனுமதி வேண்டும்.

எழுதி வாங்குபவரும் அதே சொத்தில் பங்குதாரராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடையாக எழுதும் செட்டில்மெண்டோ, விலைக்கு விற்கும் கிரயமோதான் வழி.

செலவு, விடுவிக்கும் பாகத்தின் மதிப்புக்கே. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய் ஆனது. 40 லட்சம் வீட்டில் நாலில் ஒரு பாகம் என்றால் இரண்டுக்கும் தலா 10,000 ரூபாய்.

மூலப்பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா, இரு சாட்சிகள் தேவை. பழைய பத்திரத்தில் சாதிப் பட்டத்தோடும் ஆதாரில் வெறும் பெயராகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவானதும் பட்டாவில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள் உள்ள பாகூரில் நிலம் இருந்தால் பதிவும் அந்த எல்லைக்குள்தான். மேலே சொன்ன கட்டணக் கணக்கு அங்கே பொருந்தாது.