தோள்வலி என்று வருகிறவர்கள்

சுங்கை சிப்புட்டில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு, பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் தோள்வலி என்று வந்து உட்கார்ந்தால் தோளை மட்டும் பார்த்து அனுப்ப மனம் வராது. "காலமெல்லாம் மரம் வெட்டின கை டாக்டர், வலிக்காம இருக்குமா?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு பக்கத் தோள் மட்டும் இறுகி, நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்தால், மூளைக் கோளாறால் உடம்பின் அசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். நடுக்கம் தெரியுமுன்பே சிலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று நம்மவர்கள் காத்திருப்பதால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். இந்த நோயைக் கண்டறிய 2015-இல் வெளியான அனைத்துலக நெறிமுறை முதலில் கேட்பது அசைவு மந்தமாகியிருக்கிறதா என்பதை. அதோடு ஓய்வில் வரும் நடுக்கமோ தசை இறுக்கமோ இருக்க வேண்டும். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், எழுத எழுத எழுத்து சிறுத்துப்போகும். தாளிக்கிற வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கைகாலை வீசுவது எல்லாம் பல வருஷம் முன்பே தலைகாட்டலாம். மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கினால் எனக்குச் சந்தேகம் வரும்; தே கோப்பையைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் அது வேறு கோளாறு.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிளினிக்கில் ரத்தம் எடுத்து இதை உறுதிசெய்ய முடியாது. ஸ்கேன் பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று காட்டத்தான். மருத்துவர் உடம்பைச் சோதித்து, நடப்பதைப் பார்த்து, வீட்டார் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். அப்பா நடப்பதை, நாற்காலியிலிருந்து எழுவதை, போனில் வீடியோ எடுத்து வாருங்கள், மிகவும் உதவும்.

அப்புறம், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள். தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெராசின், சின்னரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவை அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே உடம்பை இறுக்கிவிடும். மருத்துவர் சொல்லி நிறுத்தினால், பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். இந்தப் பையைப் பார்க்காமல் யாருக்கும் பார்க்கின்சன் என்று முத்திரை குத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தோட்டத்தில் மருந்து அடித்தவரா என்றும் கேட்பேன். பாராகுவாட் களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மலேசியா அதை 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. இன்னாருக்கு அதனால்தான் வந்தது என்று மட்டும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

நோய் உறுதியான பிறகும், இதற்கு முக்கியமாகத் தரும் லெவோடோபா மாத்திரைக்குப் பயப்படுகிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலன் போய்விடும் என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. நெதர்லாந்தில் 445 பேரிடம் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வில், உடனே தொடங்கியவர்களும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களும் 80-ஆவது வாரத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். மருந்து நோயின் போக்கைத் தடுக்கவில்லை, கெடுக்கவும் இல்லை. அன்றாட வேலைக்கே சிரமப்படுகிறவர், மருந்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஏன் தள்ளிப்போட வேண்டும்?

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ ஒரு மணி நேரம் பின்போ போடுவது நல்லது. பால், முட்டை, பருப்பு, கோழி இவற்றின் புரதம் மருந்தை உடம்பில் சேரவிடாமல் போட்டி போடும். பால் கலந்த மைலோவோடு மாத்திரை போட்டுவிட்டு "மருந்து வேலை செய்யல" என்கிறவர்களுக்கு, தண்ணீருக்கு மாறினாலே வித்தியாசம் தெரியக்கூடும். பூனைக்காலி விதைப் பொடியிலும் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்தால் அளவு கூடிவிடும்.

தானாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. டெங்கி என்று வார்டில் சேர்ந்தாலும் மாத்திரையையும் அது போடும் நேரத்தையும் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே வாந்திக்கு ஊசி போட வந்தால், பார்க்கின்சன் இருக்கிறது என்று உடனே தாதியிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன மெட்டோகுளோபிரமைடு இவர்களுக்கு ஆகவே ஆகாது.