கரகரப்பு எங்கே பிறக்கிறது? ஹெவி மெட்டலுக்கு ஆம்ப் வாங்குமுன்

மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வால்யூமை முழுக்கத் திருகினால் பாட்டு கரகரக்கும். தர்மபுரிப் பக்கம் இதைக் கேட்காத காது இருக்காது. சவுண்ட் செட்காரருக்கு அது தொல்லை, ஹெவி மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையைக் கிட்டாரில் வாசிப்பவருக்கோ அதுதான் முதல். இரண்டு இடத்திலும் நடப்பது கிளிப்பிங்.

ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டி அலையை உயர்த்த முடியாது. அதற்குமேல் கேட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இப்படித் தலை வெட்டிய அலைக்குள் மூல ஒலியில் இல்லாத 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள் முளைக்கின்றன. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ். கிளிப் ஆனதும் 247, 412, 577 ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்ந்து உறுமும். மெதுவாகத் தட்டியதும் ஓங்கி அடித்ததும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுவதால் சுரம் நெடுநேரம் நிற்கும். கூடவே கை உரசல், கம்பி இரைச்சல் எல்லாமும் பெரிதாகும்.

மெட்டலில் பவர் கார்டு, அதாவது இரண்டே சுரங்களைச் சேர்த்து அடிப்பது, ஆட்சி செய்வதற்கும் இதே காரணம்தான். அது தம்புராவின் ச–ப தவிர வேறில்லை. ஆறாவது கம்பியை ச என்று வைத்தால் அதன் ப 123.6 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாகக் கிளிப் ஆகும்போது அவற்றின் வித்தியாசமான 41.2 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது சரியாகக் கீழ் ஸ்தாயி ச. கம்பி இரண்டுதான், கேட்பது மூன்று. அதில் அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் ஒட்டாத வித்தியாச ஒலிகள் கிளம்பிச் சேறாகிவிடும்.

ஆம்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம், கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, கெயினுக்கு முன்னால் பாஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு குறைக்கப்படுகிறது என்பது. தாழ்ந்த ஒலி நிறைய உள்ளே போய்க் கிளிப் ஆனால் ‘பொதபொத’ என்றிருக்கும். கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கெயின் 10-க்கு 6, பாஸ் 4, மிட் (நடு ஒலி) 6, ட்ரெபிள் (உச்ச ஒலி) 6. உள்ளங்கை விளிம்பைப் பிரிட்ஜை (கம்பிகள் கிட்டார் உடலில் ஏறி நிற்கும் பாலத்தை) ஒட்டிக் கம்பிமேல் லேசாக வைத்து, ஆறாவது கம்பியை வேகமாக அடியுங்கள். ஒவ்வொரு அடியும் ‘ஜக் ஜக்’ என்று பிரிந்து கேட்டால் நல்லது. ஒன்றன்மேல் ஒன்று வழிந்தால், ஆறாவது கம்பியை C-க்கு, அதாவது 65.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை (காலால் மிதித்து இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டியை) ஆம்புக்கு முன்னால் மாட்டி, டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில் வைக்க வேண்டும். அது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, நடு ஒலிகளை ஆம்புக்குள் தள்ளும்.

மிட்டைப் பூஜ்யமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தனியறையில் அது பிரமாதமாகக் கேட்கும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். பம்பை அடிக்கும் இடத்தில் முணுமுணுப்பது போலத்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சடசடவென்று ஒலியைக் குறைத்துவிடும். அந்தக் ‘குறை’ இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் (கிளிப்பிங்கால் வரும் கரகரப்பு) வண்டு ரீங்காரம்போல் காதைக் குடையும். பெடலை நேரே மிக்ஸரில் செருகி, மேடை ஸ்பீக்கரில் கேட்டு முகம் சுளிப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். நடுவில் கேப் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை வடிகட்டும் வசதி, வேண்டும். இடம் இருந்தால் 12 அங்குல ஸ்பீக்கருக்குக் கீழே இறங்காதீர்கள். பின்பக்கம் மூடிய பெட்டி பாஸை இறுக்கிப் பிடிக்கும். திறந்த பெட்டியில் கூம்பின் பின்னாலிருந்து வரும் அலை முன்னால் வரும் அலையோடு மோதித் தாழ்ந்த ஒலியைக் கரைத்துவிடும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். 10 வாட்டைவிட 100 வாட் காதுக்கு இரு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். வீட்டுக்கு 20 வாட்டே அதிகம். டிரம்ஸோடு வாசிக்க டிரான்சிஸ்டர் வகையில் 50 வாட் போதும்.

வால்வா (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழல்) டிரான்சிஸ்டரா என்ற சண்டை ஓயாது. வால்வு மெல்ல மெல்லக் கிளிப் ஆகும், டிரான்சிஸ்டர் சட்டென்று வெட்டும் என்பது உண்மை. ஆனால் பேன்டெரா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டைம்பேக் டேரல் தன் இரக்கமற்ற ஒலியை வாங்கியது ராண்டல் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்பில். நம் ஊர் மின்சாரத்துக்கு வால்வைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மோட்டார் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், வால்வின் இழைக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட் 5.2 ஆகிவிடும். ஒலி சோர்ந்துபோகும், வால்வின் ஆயுளும் குறையும். வாங்கித்தான் தீருவேன் என்றால் ஸ்டெபிலைசரோடு வாங்குங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் அதை ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

ஓசூர் தாண்டிப் பெங்களூரில் பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்க லேபிளைப் படிக்க வேண்டும். 120 வோல்ட் என்றிருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. நேரே செருகினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம். 100 வாட் வால்வு ஆம்புக்கு 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள, மின்னழுத்தத்தை இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மராவது தேவை.

கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடும்போது மட்டும் ‘ஙீ’ என்று இரைந்தால், பழி ஆம்பின்மேல் இல்லை. மலிவான இன்வர்ட்டர் தருவது சதுர அலை. தலை வெட்டிய கிட்டார் அலையைப் போலவே அதிலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 3, 5, 7 மடங்கான 150, 250, 350 ஹெர்ட்ஸ் நிறைந்திருக்கும். கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் கிட்டாரின் பிக்கப் அதைப் பிடித்துக்கொள்ளும், கெயின் அதைப் பல மடங்காக்கும். சைன் வேவ் இன்வர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளான ஹம்பக்கர் பிக்கப் இருந்தால் பெரும்பகுதி இரைச்சல் தானாக அடிபடும்.

கடைசியாகப் பார்ப்பது சுவர். பிளக்கின் மேல் பக்கத்துத் தடித்த பின்தான் எர்த். அதை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் உயிருக்கு ஆபத்து: கிட்டார் கம்பிகள் ஆம்பின் உடலோடு இணைந்தவை, உதடு மைக்கைத் தொடும்போது கசியும் மின்சாரம் உடல் வழியே பாயலாம். கிருஷ்ணகிரியின் பாறை நிலத்தில் எர்த் குழி கோடையில் வறண்டு, பேருக்குத்தான் எர்த் என்றாகிவிடும். உப்பும் கரியும் இட்ட குழியில் தண்ணீர் ஊற்றிய பிறகு, எலக்ட்ரீஷியனை விட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்பை அந்த இரண்டுக்கும் நடுவே அவர் எரித்துக் காட்டும்போது அது மங்கலாக எரிந்தால், ஆம்பை அன்றைக்குச் செருக வேண்டாம்.