எட்டு மணி நேர ஓய்வில் பஸ் நேரம் சேருமா?

விமான நிலையத் தரைப்பணி ஆட்களுக்கு ஷிப்ட் போடுவது என் வேலை. இப்போது மென்பொருளே போட்டுத் தருகிறது. விமானங்கள் வந்து போகும் நேரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை லோடர், கவுன்டரில் எத்தனை பேர், விமானத்தைப் பின்னால் தள்ளும் வண்டியை ஓட்ட யாருக்கு அனுமதி என்பதையெல்லாம் கொடுத்துவிட்டால், மாத அட்டவணை சீக்கிரமே தயார். வேண்டியவருக்குப் பகல், வேண்டாதவருக்கு இரவு என்ற புகாரும் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாம் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாது.

இரவு 10 மணிக்கு ஒருவர் ஷிப்ட் முடிக்கிறார், மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 8 மணி நேர ஓய்வு, பச்சை நிறம். அவர் வீடு பொள்ளாச்சியில். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து உக்கடம் போய் பஸ் பிடித்து வீடு சேர நள்ளிரவு. சாப்பிட்டுப் படுத்தால், மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். "கண்ணு மூடறதுக்குள்ள அலாரம் அடிச்சிருதுங்ணா" என்று ஒரு தம்பி சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு பொது விதி. அதையே இங்கேயும் குறைந்தபட்சமாக மென்பொருளில் போட்டுவிட வேண்டும், தூரத்து ஊர்க்காரர்களுக்குப் பயண நேரத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் வாட்ஸ்அப். "இன்னைக்கு என் ஷிப்ட்டப் பாத்துக்குங்க" என்று குழுவில் ஒரு செய்தி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல். இது கணினிக்குத் தெரியாது. மூன்றரைக்கு எழுந்தவர் இரண்டாவது ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தால், இரவு எட்டரைக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதுக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் அளவோ 0.03 தான். அவர் தள்ளப்போவது ஆள் நிறைந்த விமானம்!

மாற்றிக்கொள்ளத் தடை போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, வீட்டில் விசேஷம், குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாம் வரத்தான் செய்யும். மாற்றத்தை மென்பொருள் வழியாகவே செய்ய வையுங்கள். ஓய்வு போதவில்லை என்றால் அது அங்கேயே நிறுத்தும். மேற்பார்வையாளர்களே, அது நிறுத்தியதை "இன்னைக்கு மட்டும்" என்று தள்ளிவிட்டு ஒப்புதல் தராதீர்கள்.