கிரவுண்டும் ஆன்டெனாதான்

2019-இல் வந்த ஐஃபோன் 11-இல் யு1 என்றொரு சிப் இருந்தது. மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகளை அனுப்பி, அவை போய்ச்சேரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது அதன் வேலை. ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே துல்லியம் வேண்டுமென்றால் துடிப்பு கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு அகலமான அலைவரிசைப் பட்டை தேவை. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 2002-இல் இதற்கென 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டது. போன்கள் அதில் ஒரு துண்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஆன்டெனா வடிவமைப்பவர்களுக்கோ அந்த முழுப் பட்டையும்தான் இலக்கு.

பழைய மோனோபோல் என்பது உலோகப் பரப்பின்மேல் கால் அலைநீள உயரத்துக்கு நிற்கும் கம்பி. 3.1 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 97 மில்லிமீட்டர், எனவே 24 மி.மீ. கம்பி போதும். ஆனால் மெல்லிய கம்பி தன்னைச் சுற்றி நிறைய ஆற்றலைத் தேக்கிக்கொள்ளும். அதனால் குறுகிய பட்டையில் மட்டுமே நன்றாக வேலை செய்யும். கம்பியைத் தடிமனாக்கினால் தேக்கம் குறைந்து பட்டை அகலும். தடித்த கம்பிக்குப் பதில் அகலமான தகடு வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். தகடு என்றால் மின்சுற்றுப் பலகையிலேயே (பி.சி.பி.) அச்சடித்துவிடலாம்.

சரி, எப்படி? 1.6 மி.மீ. தடிமன் உள்ள, கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த எஃப்.ஆர்-4 பலகை. முன்பக்கம் 10 மி.மீ. ஆரமுள்ள செம்பு வட்டம், அதற்குச் சிக்னல் கொண்டுவரும் சுமார் 3 மி.மீ. அகலக் கோடு. பின்பக்கம் அந்தக் கோடு ஓடும் பகுதியில் மட்டும் கிரவுண்ட், அதாவது சிக்னலின் மறுமுனை இணையும் செம்புப் பரப்பு. வட்டத்தின் பின்னாலும் செம்பை விட்டுவைத்தால் அது பேட்ச் ஆன்டெனா ஆகிவிடும். அதன் பட்டை சில சதவீதத்தைத் தாண்டாது.

பட்டை எங்கே தொடங்கும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். வட்டத்தை, அதே பரப்பளவும் அதே உயரமும் கொண்ட உருளையாக நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் 20, ஆரம் 2.5, வட்டத்துக்கும் கிரவுண்ட் விளிம்புக்கும் இடைவெளி 0.3, கூட்டினால் 22.8 மி.மீ. இந்தக் கணக்குக்கான மாறிலி 72, அதை 22.8-ஆல் வகுத்தால் 3.16. பலகையின் மின்கடவாத் தன்மைக்காக மேலும் 1.15-ஆல் வகுத்தால் 2.75 கிகாஹெர்ட்ஸ். 3.1-க்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது.

மேல்முனையைத் தீர்மானிப்பது அந்த 0.3 மி.மீ. இடைவெளி. நாதஸ்வரத்தின் குழல் மெல்ல விரிந்து அணசில் முடிவதுபோல, வட்டத்தின் வளைவு கிரவுண்ட் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. அலை முட்டித் திரும்பாமல் அந்த விரிவின் வழியே வெளியேறுகிறது. பல ஒத்ததிர்வுகள் (ஆன்டெனா இயல்பாக இசைந்து அதிரும் அலைவரிசைகள்) ஒன்றன்மேல் ஒன்று படிந்து, திரும்பி வரும் சக்தியைப் பட்டை முழுக்க 10 சதவீதத்துக்குள் வைக்கின்றன. இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே இந்தப் பொருத்தம் கெட்டுவிடலாம்.

மின்னோட்டம் பெரும்பாலும் வட்டத்தின் விளிம்பில்தான் ஓடுகிறது. அதனால் நடுவில் துளையிட்டாலும் பெரிய பாதிப்பில்லை. மாறாக, சுமார் 17 மி.மீ. நீளமுள்ள யு வடிவப் பிளவை மின்னோட்டம் ஓடும் இடத்தில் வெட்டினால், 5.5 கிகாஹெர்ட்ஸ் அருகே வைஃபை குறுக்கிடும் பகுதியை ஆன்டெனாவே ஒதுக்கிவிடும்.

இந்த ஆன்டெனாவின் அளவைக் குறைக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இலை, பூ என்று தகட்டின் வடிவத்துக்கே புகழ் கிடைக்கிறது. கிரவுண்டைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் கருத்து. அதன் மேல் விளிம்பிலும் மின்னோட்டம் ஓடுகிறது, அதுவும் கதிர்வீசுகிறது. அதைக் குறுக்கினால் பட்டையின் தொடக்கம் நகர்ந்துவிடும். அப்புறம், சோதிக்கும்போது மின்னோட்டம் கேபிளின் வெளியுறையில் இறங்கி, கேபிளும் ஆன்டெனாவாகிவிடும். அளவீடு அழகாக இருக்கும், கேபிளைக் கழற்றியதும் அந்த அழகு போய்விடும். கேபிளில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி அளந்தால் உண்மைக்கு நெருங்கலாம்.

திரும்பி வரும் சக்தி குறைவு என்பதை மட்டும் வைத்து நல்ல ஆன்டெனா என்று சொல்லவும் கூடாது. எஃப்.ஆர்-4 கொஞ்சம் சக்தியைச் சூடாக விழுங்கும். 50 ஓம் மின்தடையை மாட்டினால் எதுவுமே திரும்பி வராது, ஆனால் அது கதிர்வீசுவதும் இல்லை. ரேடியோ அலைகள் எதிரொலிக்காத அறையில் செயல்திறனையும், திசைவாரியாக எவ்வளவு வீசுகிறது என்பதையும் அளந்த பிறகே சிறிய ஆன்டெனாவின் அளவைப் பெருமையாகச் சொல்லலாம்.