ஓட்டிப் பார்க்காமல் போட்ட ஓகே

எங்கள் டீமில் ஒரு புல் ரெக்வெஸ்ட் வந்தது, அதாவது ஒருவர் கோடில் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. மாற்றம் ஒரே வரிதான். மொழிபெயர்ப்புக் கோப்பில் 'அனுப்பு' என்று இருந்ததை 'சமர்ப்பிக்கவும்' என்று ஆக்கியிருந்தார்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் சிவப்பு வரி ஒன்று, பச்சை வரி ஒன்று. எழுத்துப் பிழை கிடையாது, சந்திப் பிழையும் கிடையாது. நான் ஓகே போடப் போகிற நேரத்தில், கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் ஓர் அக்கா அந்த மாற்றம் ஓடுவதைக் காட்டும் ப்ரிவியூ லிங்க்கைத் தன் போனில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். பட்டனுக்குள் 'சமர்ப்பிக்' மட்டும் இருந்தது. 'கவும்' வெளியே வழிந்து, பக்கத்து 'ரத்து' பட்டன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த அக்காவின் கம்ப்யூட்டரில், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கூடக் கிடையாது.

ரிவியூ செய்பவர்கள் மாற்றத்தை ஓட்டிப் பார்க்காததற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதியில் நிற்கும் தன் வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். அடுத்தவர் பிராஞ்சுக்கு (அவர் மாற்றம் இருக்கும் கோட் கிளைக்கு) மாறி, பேக்கேஜ்களை இறக்கி, டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஓட்டி, பில்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பார்த்து முடித்துத் தன் பிராஞ்சுக்குத் திரும்பினால் டேட்டாபேஸ் ஒத்துப்போகாது. இரண்டு தடவை இப்படி மாட்டிக்கொண்டவர் மூன்றாம் தடவை கண்ணால் படித்துவிட்டு ஓகே போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

ப்ரிவியூ லிங்க் இந்த இடத்தில்தான் உதவுகிறது. புல் ரெக்வெஸ்ட் திறந்ததும் சிஐ என்ற தானியங்கி பில்ட் அமைப்பு அந்த பிராஞ்சை பில்ட் செய்து, தனி முகவரியில் ஏற்றி, லிங்க்கைப் போட்டுவிடும். மாற்றம் மெயின் கோடில் மெர்ஜ் ஆனதும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஹெரோக்கு 2015-லும் கிட்லேப் 2016-லும் 'ரிவியூ ஆப்ஸ்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தன. இன்று நெட்லிஃபை, வெர்செல் போன்ற ஹோஸ்டிங் சேவைகளில், கோட் இருக்கும் ரெப்போவை இணைத்தாலே வந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த இரண்டு, ஓப்பன் சோர்ஸ் பக்கம் இருக்கின்றன. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கிக்கு 'பேட்ச் டெமோ' என்று ஒன்று உண்டு. அவர்களுடைய கோட் ரிவியூ தளமான கெரிட்டில் இருக்கும் பேட்ச் (மாற்றம்) எண்ணைக் கொடுத்தால், அந்த மாற்றம் சேர்ந்த ஒரு புது விக்கியையே கட்டித் தரும். இரண்டு மூன்று பேட்ச்களைச் சேர்த்தும் பார்க்கலாம். இன்னொன்று வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட். இதில் சர்வரே இல்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியை, பிரவுசரில் ஓடும் வெப்அசெம்ப்ளி வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அது உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. வேர்ட்பிரஸ் கோர் மாற்றங்களை இப்படியே ஒரு லிங்க்கில் சோதிக்கலாம். சேமிக்காமல் டேபை மூடினால் செய்ததெல்லாம் போய்விடும். ஆனால் அடியில் இருக்கும் டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் அல்ல, எஸ்க்யூலைட். ஆகவே டேட்டாபேஸ் குவெரியைத் தொடும் மாற்றம் அங்கே சரியாக ஓடியது என்பதை நம்பி ஒப்புதல் தரக் கூடாது.

இனி, வசதிக்குப் பின்னால் வரும் வினை.

முன்பு எங்கள் டீமில், ப்ரிவியூ ஒவ்வொன்றுக்கும் லைவ் டேட்டாபேஸின் நகலையே எடுத்துக் கொடுத்தோம். 'நிஜ டேட்டா இருந்தால்தான் நிஜமான டெஸ்ட்' என்று அப்போது பெருமையாகப் பேசியவன் நான்தான். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைக்கான ரகசியக் கீயும் லைவ் கீதான். டெஸ்டர் ஒருவர் 'நினைவூட்டல் அனுப்பு' பட்டன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அருமையாக வேலை செய்தது. அரை மணி நேரத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது: "நேத்துதானேங்க பணம் கட்டினேன்?"

அந்த முகவரிகளுக்குப் பூட்டும் இல்லை. 'லிங்க் யாருக்கும் தெரியாதே' என்பதுதான் எங்கள் பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு சப்டொமைனுக்கும் தனியாக, தளத்தின் எச்டிடிபிஎஸ் பூட்டுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கினால், அந்தப் பெயர் சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். எல்லா சப்டொமைனுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கினால் தனித்தனிப் பெயர்கள் அதில் வராது. அப்போதும் லாகின் ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

பொது ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழி. ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்துக்கொண்ட ரெப்போ நகலிலிருந்து) வரும் புல் ரெக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப்பின் சிஐயான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ரகசியக் கீகளைத் தராது. அதனால் ப்ரிவியூ ஏறாது. எரிச்சலில் தேடினால் கீகளோடு ஓடும் 'புல்_ரெக்வெஸ்ட்_டார்கெட்' போட்டு, அதில் ஃபோர்க்கின் கோடை எடுத்து பில்ட் செய்யச் சொல்லி யாராவது எழுதியிருப்பார்கள். போட்டதும் ஓடும். கூடவே, முகம் தெரியாத ஒருவர் எழுதிய பில்ட் ஸ்கிரிப்ட்டும் உங்கள் கீகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும். பில்ட்டைக் கீ இல்லாமல் ஒரு வேலையாகவும், வந்த கோப்பை ஏற்றுவதை மட்டும் கீயோடு வேறொரு வேலையாகவும் பிரித்து வையுங்கள். ஏற்றும் வேலை அந்தக் கோப்பிலிருந்து எதையும் ஓட்டக் கூடாது.

ப்ரிவியூவில் கூகுள் லாகினும் இடிக்கும். லாகின் முடிந்து திரும்பி வரவேண்டிய முகவரியை முழுதாக முன்பே பதிந்திருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ப்ரிவியூ முகவரிகளையும் மொத்தமாகப் பதிய முடியாது. நாங்கள் ப்ரிவியூவில் மட்டும் சோதனைப் பயனர்களுக்கு வேறு லாகின் வைத்துவிட்டோம்.

எஸ்எம்எஸ் சம்பவத்துக்குப் பிறகு லைவ் டேட்டாவைத் தொடவில்லை. உட்கார்ந்து ஐம்பது பொய் வாடிக்கையாளர்களை உருவாக்கினோம். போன் எண் பத்தும் பூஜ்யம். ஒருவருக்கு அப்பா பெயர் கிடையாது, 'மு.' என்று இனிஷியல் மட்டும். இன்னொருவர் பெயர் திருநாவுக்கரசு மீனாட்சிசுந்தரம். ஒருவருடைய கதவு எண் 'பழைய எண் 14, புதிய எண் 27'. முதல் வாரத்திலேயே 'மு.'வால் எந்தப் படிவத்தையும் தாண்ட முடியவில்லை. குடும்பப் பெயர் கட்டாயம் என்று எங்கள் கோட் அடம்பிடித்தது. லைவில் இத்தனை நாள் அந்த இடத்தில் என்ன போட்டுச் சமாளித்தார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "ஒரு புள்ளி வைக்கச் சொல்லுவோம்" என்றார்.