கீழ்ப்படிதல்: யார் சொல்லைக் கேட்பது?

பெண்களுக்கான ஆராதனை, உபவாசக் கூட்டம், தியான முகாம் எதுவானாலும் 'கீழ்ப்படிதலுள்ள பெண்' என்ற தலைப்பு எப்படியும் வந்துவிடும். தலைப்பைக் கேட்டதுமே பலருடைய மனம் கணவரிடமும் மாமியாரிடமும் போய்விடுகிறது. அங்கிருந்து கடவுளிடம் வந்து சேர்வதற்குள் முடிவு ஜெபம் தொடங்கிவிடும். ஒரு கிறிஸ்தவப் பெண் அன்றாடம் கடவுளுக்குக் கீழ்ப்படிந்து வாழ்வது என்றால் என்ன என்பது பேசப்படாமலே போய்விடுகிறது. இதில் பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கீழ் + படி. 'கீழ்' எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'படி'யைத்தான் கவனிக்க வேண்டும். தூசி படிகிறது, எண்ணெய் வைத்தால் முடி படிகிறது, பேரம் படிகிறது. பேரம் படிந்தது என்றால் ஒருவர் மற்றவரை அமுக்கிவிட்டார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. இருவருக்கும் ஒத்துவந்தது என்றுதான் கொள்கிறோம். தன்னியல்பாக அமைவது, பொருந்துவது, ஓரிடத்தில் நிலைகொள்வது எல்லாம் படிதல். நசுக்குவது அதில் இல்லை. ஆனால் 'கீழ்' முன்னால் வந்து நிற்பதால் காதில் அதுதான் உரக்க விழுகிறது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற படம் வந்துவிட்டால் படிதலின் மென்மை காணாமல் போகிறது.

பழந்தமிழில் இதே கருத்துக்கு இன்னொரு சொல் இருந்தது: வழிபடுதல். புறநானூற்றின் 10-ஆம் பாட்டில் ஊன்பொதி பசுங்குடையார் சோழன் இளஞ்சேட்சென்னியிடம் "வழிபடுவோரை வல்லறிதீயே" என்கிறார். உன் வழி நின்று நடப்பவர்களை நீ விரைவில் அறிந்துகொள்வாய் என்பது பொருள். வழியில் படுவது, வழியைப் பின்பற்றி நடப்பதுதான் வழிபாடு. இன்று அந்தச் சொல் ஆராதனைக்கு மட்டுமே என்றாகிவிட்டது. நடப்பதற்கும் தொழுவதற்கும் ஒரே சொல் இருந்த மொழி நம்முடையது. தொழுதால் போதும், நடக்கத் தேவையில்லை என்ற நிலை வந்த பிறகு சொல்லும் சுருங்கிக்கொண்டது போலும்.

இனி வேதாகமத்தின் பக்கம் வருவோம். பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் கீழ்ப்படிதலுக்கென்று தனி வினை இல்லை என்றே சொல்லலாம். அந்த இடத்தில் வருவது 'ஷாமா', அதாவது கேள். "இஸ்ரவேலே, கேள்" (உபாகமம் 6:4) என்று தொடங்கும் அறிக்கையிலும் அதுதான், "சத்தத்திற்குக் கீழ்ப்படி" என்று நம் வேதாகமத்தில் வரும் இடங்களிலும் அதுதான். தமிழனுக்கு இது புதிதே அல்ல. 'பிள்ளை சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று அம்மா அலுத்துக்கொண்டால் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை.

1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை இந்தக் காதோடு படித்தால் வேறு மாதிரி ஒலிக்கும். எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் கட்டளையிட்டும் அமலேக்கியரின் ஆடுமாடுகளை விட்டுவைத்த அரசன் சவுல், "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறான். தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார்: அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன? எபிரேயத்தில் கர்த்தரின் சத்தத்துக்கும் ஆடு கத்தும் சத்தத்துக்கும் ஒரே சொல், 'கோல்'. பிறகு வருகிறது நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." அதற்கு இரண்டு வசனம் தள்ளி, 24-ஆம் வசனத்தில் சவுல் உண்மையைக் கக்குகிறான்: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." 22-இல் 'சத்தத்திற்குக் கீழ்ப்படிகிறது' என்று தமிழில் வந்திருப்பதும், 24-இல் 'சொல்லைக் கேட்டேன்' என்று வந்திருப்பதும் மூலத்தில் ஒரே தொடர்தான். ஆக, சவுல் கீழ்ப்படியாதவன் அல்ல. நன்றாகக் கீழ்ப்படிந்தான், ஆனால் கூட்டத்துக்கு. யாருக்குமே கீழ்ப்படியாத மனிதர் உலகத்தில் இல்லை. யாருடைய சத்தம் என்பதுதான் கேள்வி.

கிரேக்கத்திலும் கதை அதேதான். புதிய ஏற்பாட்டில் கீழ்ப்படிதலுக்குப் பெரிதும் வரும் சொல் 'ஹுபாகுவோ': ஹுபோ என்றால் கீழ், அகுவோ என்றால் கேள். கீழே நின்று காது கொடுப்பது. கதவு தட்டும் ஓசை கேட்டு யாரென்று பார்க்கப் போகும் வாயில்காப்பவரின் வேலைக்கும் கிரேக்கர் இந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். அப்போஸ்தலர் 12:13-இல் சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் "ஒற்றுக்கேட்க வந்தாள்" என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. அந்த 'ஒற்றுக்கேட்க' என்பது மூலத்தில் 'ஹுபாகுவோ'தான். வீட்டிலுள்ள எல்லோரும் பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் வாசலில் நிற்பது அவள் காதுக்கு மட்டும்தான் விழுகிறது. குரலை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். அவள் விடவில்லை. கீழ்ப்படிதலுக்கு வேதத்தில் ஒரு படம் வரையச் சொன்னால் நான் இவளைத்தான் வரைவேன், தாழ்ப்பாளைத் திறக்க மறந்த குறையோடு சேர்த்து. கீழ்ப்படியாமைக்கு ரோமர் 5:19-இல் வரும் 'பாரகோயே' என்ற சொல்லும் காதைப் பற்றியதுதான்: கேட்டும் கேளாததுபோல் விலகுவது, ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது.

இலத்தீனும் அதே வழியில் போனது. ஆங்கிலத்தின் 'ஒபே' பிறந்த 'ஒபெதீரே' என்ற வினைக்குள்ளும் 'கேள்' இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய விதிநூலின் முதற்சொல்லே 'கேள்' என்பதுதான்.

சிக்கல் வேறோர் இடத்தில் வருகிறது. எபேசியர் 5:22, "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்கும் கீழ்ப்படியுங்கள்" என்கிறது. 6:1 பிள்ளைகளைப் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல். கிரேக்கத்தில் அப்படி இல்லை. பிள்ளைகளுக்குச் சொன்னது 'ஹுபாகுவோ', சொல் கேட்பது. மனைவியரைப் பற்றிய பகுதியில் இருப்பது 'ஹுபோதாஸ்ஸோ', வரிசையில் தன் இடத்தில் அமைந்து நிற்பது. அந்த வினையும் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் 22-ஆம் வசனத்தில் இல்லை. 21-ஆம் வசனத்தில் உள்ள "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதிலிருந்து இரவல் வாங்கித்தான் 22 நிற்கிறது. ஒருவருக்கொருவர் என்றால் கணவனும் அதற்குள் வருவான். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது: மனைவியருக்குப் 'பணிந்திருங்கள்', பிள்ளைகளுக்குக் 'கீழ்ப்படியுங்கள்'. 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. கூடவே மனைவியும் பிள்ளையும் ஒன்றாகிவிட்டார்கள்.

சாராளை மறந்துவிட்டீர்களே என்று யாராவது கேட்கலாம். நியாயம்தான். 1 பேதுரு 3:6-இல் சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தாள் என்ற இடத்தில் வருவது 'ஹுபாகுவோ'தான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதே சாராளைக் குறித்து ஆதியாகமம் 21:12-இல் தேவன் ஆபிரகாமிடம் பேசுவதையும் சேர்த்துப் படித்தால் போதும்: சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்கிறார். அங்கே 'ஷாமா'. ஒரே வீட்டில் இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டிருக்கிறார்கள்.

கடவுளின் சொல்லும் வீட்டிலுள்ளவரின் சொல்லும் மோதும்போது என்ன செய்வது என்பதற்கு வேதத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி அபிகாயில், நாபாலின் மனைவி (1 சாமுவேல் 25). கணவன் தாவீதின் ஆட்களை இழிவாகப் பேசி அனுப்பியதைக் கேள்விப்பட்டதும் அப்பமும் திராட்சரசமும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறாள். கணவனுக்கு அறிவிக்கவில்லை என்று வேதம் குறித்தே வைத்திருக்கிறது. தாவீது அவள் யோசனையை வாழ்த்துகிறான், இரத்தம் சிந்தாமல் தன்னைத் தடுத்தாள் என்கிறான். மற்றவள் சப்பீராள். நிலம் விற்ற பணத்தில் கணவன் ஒரு பங்கை ஒளித்துவைத்தது அவளுக்குத் தெரியும். கணவன் இல்லாமல் அவள் உள்ளே வந்தபோது பேதுரு, இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று கேட்க, "ஆம்" என்றாள். உண்மை பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தும் கணவன் சொன்ன கணக்கையே சொன்னாள். வீட்டளவில் பார்த்தால் இவள்தான் கீழ்ப்படிந்த மனைவி. அங்கேயே விழுந்து இறந்தாள் என்ற முடிவு அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு வரும் பெண்ணிடம் 'கீழ்ப்படிந்து போம்மா' என்று திருப்பி அனுப்பும் போதகர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அடிப்பவனுக்கு உடன்பட்டுப் போவதை வேதம் எங்கேயும் கர்த்தருக்குக் கீழ்ப்படிதல் என்று சொல்லவில்லை.

அன்றாடம் என்று வரும்போது விஷயம் பெரும்பாலும் இவ்வளவு பெரிதாக இருக்காது. வாட்ஸ்அப்பில் அண்ணியிடமிருந்து ஒரு செய்தி: "ஜெபிக்கத்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லிடாத…" கீழே இன்னொரு வீட்டுப் பெண்ணின் குடும்பச் சிக்கல் பத்தி பத்தியாக. 'ஐயோ, அப்புறம்?' என்று கட்டைவிரல் தட்டிவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு நொடிதான். அந்த நொடியில் உள்ளே ஏதோ இடறுகிறது. தட்டியதை அழித்துவிட்டு, "அண்ணி, அவங்ககிட்டயே ஒரு தடவை பேசிட்டு ஜெபிக்கிறேன்" என்று எழுதுவது. அண்ணிக்குப் பிடிக்காது, இரண்டு நாள் பேசவும் மாட்டார். அலுவலகத்தில் தொலைபேசி ஒலிக்கும். மேலதிகாரி கையை ஆட்டி 'இல்லைன்னு சொல்லு' என்பார். "இப்போது பேச முடியாது, யார் கூப்பிட்டதென்று குறித்துச் சொல்கிறேன்" என்பதற்குள் பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. காலையில் பிள்ளையிடம் தேவையில்லாமல் கத்திவிட்டு மாலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து 'அம்மா செய்தது தப்பு' என்பது இன்னும் கடினம். பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்ற குரலும் அப்போது கேட்கும். கூட்டத்தின் குரல் அது, சவுல் கேட்டது.

இவற்றில் எதற்கும் சாட்சி மேடை கிடைக்காது. உபவாசத்தைவிட இவை கடினம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. உபவாசத்துக்குத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கிறது.

இயேசுவைப் பார்த்து ஒரு பெண், உம்மைச் சுமந்த கர்ப்பமும் நீர் பாலுண்ட முலைகளும் பாக்கியமுள்ளவை என்று சத்தமிட்ட இடம் லூக்கா 11:27. ஒரு பெண்ணின் பெருமை அவள் பெற்ற பிள்ளையில் என்ற நினைப்பு எல்லாக் காலத்திலும் உண்டுதானே. அவர் மறுமொழி: "அப்படியானாலும், தேவனுடைய வார்த்தையைக் கேட்டு, அதைக் காத்துக்கொள்ளுகிறவர்களே அதிக பாக்கியவான்கள்." மரியாளின் பெருமை குறைந்துவிடவில்லை. "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றவள் அவள்தான். அதைச் சொல்லும் முன் "இது எப்படியாகும்" என்று கேட்டவளும் அவள்தான். கேள்வி கேட்டதற்காகத் தேவதூதன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, விளக்கம் சொன்னான். கேட்டல் என்ற தமிழ்ச் சொல்லுக்குச் செவியால் கேட்பது, வினவுவது என்ற இரண்டு பொருளும் இருப்பது இங்கே அழகாகப் பொருந்திவிடுகிறது.

அப்படியானால் தமிழில் எதை எங்கே வைப்பது? 'கீழ்ப்படிதல்' சபைத் தமிழில் ஊறிப்போன சொல். அதைத் தூக்கி எறியச் சொன்னால் நடக்காது, தேவையும் இல்லை. ஆனால் விளக்கும்போது 'சொல் கேட்டு நடத்தல்' என்று விரித்துச் சொல்லலாம். அதில் குரலும் இருக்கிறது, காதும் இருக்கிறது, காலும் இருக்கிறது. 'செவிகொடுத்தல்' இன்னும் சுருக்கம், வேதாகமத்திலேயே உள்ளது. எபேசியர் 5-இன் சொல்லுக்குப் 'பணிந்திருத்தல்' போதும். "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" (யோவான் 14:15) என்ற இடத்தின் 'கைக்கொள்ளுதல்' மூன்றாவது வகை: விடாமல் பிடித்துக் காப்பது. அங்கே வரும் 'கற்பனை' கட்டளைதான், மனத்தில் தோன்றும் கற்பனை அல்ல என்பதை இளையவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சொல் அந்தப் பொருளில் வழக்கிழந்து வெகுநாளாகிறது.

இளைஞர் கூட்டங்களில் இப்போது 'சரண்டர்' என்ற சொல் புழங்குகிறது. 'லார்ட்கிட்ட சரண்டர் பண்ணிடு' என்கிறார்கள். போரில் தோற்றவன் ஆயுதத்தைக் கீழே போடுவதற்கான சொல் அது. ரோமர் 12:1-இல் 'ஒப்புக்கொடுத்தல்' இருக்கிறது. தோற்காமலே, தன் விருப்பத்தோடு கையில் எடுத்துக் கொடுப்பது. 'ஒபீடியன்ஸ்', 'சப்மிஷன்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் போகும் பழக்கமும் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை மேலே பார்த்தோம். தமிழில் சொன்னால் அந்தக் குழப்பம் பாதி தீரும்: ஒன்று செவிகொடுத்தல், மற்றது பணிந்திருத்தல்.